குபாரெ காத்திர்: ஒரு போர்க்காலக் கைதியின் ஏடு

மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் ‘குபாரெ காத்திர்’ 1946-ஆம் ஆண்டு டில்லி ஹாலி பப்ளிஷிங் ஹவுஸ் வெளியீடாக முதன்முதல் வெளிவந்தது. அந்த முதற்பதிப்பைப் பேணி வைத்திருப்போர் இன்று அதனை ஓர் அரும்பொருளாகவே கருதுகின்றனர். பழுப்பேறிய தாளும் நஸ்தஅலீக் எழுத்தின் அழகும் கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. அக்கால உருது நூல்கள் காதிபின் கைவண்ணத்தில் உருவாகிக் கல்லச்சில் ஏறியவை. அவ்வழகு பிற்கால அச்சுகளுக்கு வாய்க்கவில்லை. ஆயினும் பழமை ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு கிதாபைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. இந்நூலின் முதற்பதிப்பைப் படிப்பதற்கு வேறொரு வலுவான காரணம் உண்டு. அதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘குபாரெ காத்திர்’ என்றால் உள்ளத்தில் படிந்த புழுதி என்று பொருள் கொள்ளலாம். இப்பெயர் தமது சொந்தப் படைப்பன்று என்பதை மௌலானாவே முகப்பில் சொல்லிவிடுகிறார். மீர் அழ்மத்துல்லாஹ் பேகபர் பில்கிராமி என்னும் முன்னோர் ஒருவரின் சிறு நூலுக்கு இட்ட பெயர் அது. இரவல் பெயரை இரவல் என்று ஒப்புக்கொள்ளும் இப்பண்பு இன்றைய நூலாசிரியர்கள் பலரிடம் காணக் கிடைக்காத ஒன்று. நூலோ கடிதங்களின் வடிவில் அமைந்தது. கடிதங்கள் அனைத்தும் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானி அவர்களை விளித்து எழுதப்பட்டவை. ஹைதராபாத் நிஜாம் அரசில் ஸத்ருஸ் ஸுதூர் பதவி வகித்து, நவாப் ஸத்ர் யார் ஜங் என்னும் பட்டமும் பெற்ற அப்பெரியார், அலிகர் அருகே ஹபீப்கஞ்சில் திரட்டி வைத்திருந்த நூற்செல்வம் அறிஞர் உலகில் புகழ்பெற்றது. இருவரும் அரசியலில் ஒரே வழியில் சென்றவர்கள் அல்லர். கல்வியே அவர்களைப் பிணைத்திருந்தது.

ஆனால் இவை அஞ்சலில் போன கடிதங்கள் அல்ல. போகாது என்று தெரிந்தே எழுதப்பட்டவை. 1942 ஆகஸ்டு 8-ஆம் நாள் இரவு பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிற்று. மறுநாள் விடியுமுன் காங்கிரஸ் தலைவராயிருந்த மௌலானாவும் செயற்குழுவினரும் கைது செய்யப்பட்டு, தனி ரயிலில் அஹ்மத்நகர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நிஜாம்ஷாஹி சுல்தான்களின் தலைநகராய் இருந்து, சாந்த் பீபி முகலாயப் படையை எதிர்த்து நின்ற கோட்டை அது. (அந்நகருக்கு இப்போது அஹில்யாநகர் என்று பெயர் மாற்றியுள்ளார்கள்.) உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம்; கைதிகள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதே மறைக்கப்பட்டது; தொடக்கத்தில் செய்தித்தாளும் இல்லை, கடிதப் போக்குவரத்தும் இல்லை. அந்நிலையில் மௌலானா வைகறையில் எழுந்து, தாமே தேநீர் தயாரித்துக்கொண்டு, நண்பரை எதிரில் அமர்த்தியதாகப் பாவித்து எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு கடிதமும் தேதி இடப்பட்டது. எனவே பெயரளவில் கடிதமாயினும், உண்மையில் இது ஒரு கைதியின் நாட்குறிப்பேடு என்றே நாம் கொள்கிறோம்.

விடுதலைக்குப் பின்னர், மௌலானாவின் செயலாளர் முஹம்மது அஜ்மல் கான் இவற்றைத் தொகுத்து முன்னுரையுடன் அச்சேற்றினார். அது எந்த ஆண்டு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1946-இல் நாட்டின் முஸ்லிம் தொகுதிகளில் பெரும்பாலானவற்றை முஸ்லிம் லீக் வென்றிருந்தது. நம் சென்னை மாகாணத்திலும் அதுவே நிலை. காங்கிரஸ் தலைவராயிருந்த ஆஸாதின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்த முஸ்லிம்கள் அன்று ஏராளம். அரசியல் இரகசியங்களை எதிர்பார்த்து இந்நூலைத் திறந்தவர்களுக்குத் தேயிலையைப் பற்றியும் குருவிகளைப் பற்றியுமே கிடைத்தது. அன்றைய கசப்பும் உருது மொழியின் வேலியும் சேர்ந்து, தமிழ் முஸ்லிம் இல்லங்களில் இந்நூலுக்கு உரிய இடம் கிட்டாமற் செய்துவிட்டன என்பது நம் கருத்து. அரசியலில் ஒருவரோடு நாம் உடன்படாதிருக்கலாம். அவரது தமிழையோ உருதுவையோ அதற்காகத் தண்டிப்பது முறையன்று.

இனி நூலுக்குள் வருவோம். 1942 ஆகஸ்டுக் கடிதம் ஒன்றில் மௌலானா ஒரு கணக்குப் போடுகிறார். அதற்கு முன் தாம் பட்ட சிறைவாசங்களின் காலத்தைக் கூட்டிப் பார்த்து, ஏழாண்டு எட்டு மாதம் என்று காண்கிறார். தம் வயதோ ஐம்பத்துமூன்று. ஆகவே வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு சிறைக்குப் போயிற்று. தௌராத்தில் ஏழாம் நாள் ஓய்வுநாள் என்று விதிக்கப்பட்டதுபோலத் தமக்கும் ஓர் ஓய்வு விதிக்கப்பட்டது என்று அதைச் சிரிப்பாக மாற்றிவிடுகிறார். இவ்வேட்டின் தொனி அங்கேயே பிடிபட்டுவிடுகிறது. துன்பம் வரும்போதெல்லாம் அறிவை அழைத்து வந்து அதன் முன் நிறுத்துவது மௌலானாவின் வழக்கம்.

தேநீரைப் பற்றிய பகுதிகள் அனைவரும் அறிந்தவை. மல்லிகை மணக்கும் சீனத்து வெண்தேயிலையே தேயிலை. பாலைக் கொட்டிக் காய்ச்சிக் குடிக்கும் நம்மவர் பானம் தேநீரே அல்ல, திரவமான ஹல்வா என்பது அவர் தீர்ப்பு. பால் தேநீரில் வளர்ந்த நாம் இத்தீர்ப்பை ஏற்பதற்கில்லை. எனினும் எழுத்தின் சுவையை மறுக்கவும் இயலவில்லை. சிலுவைப் போர் பற்றிய கடிதம் இதினும் கனமானது. பிரெஞ்சு மன்னருடன் வந்த ஜுவான்வில் என்பார் எழுதிய வரலாற்றில், ஒரு கையில் நெருப்பும் மறு கையில் நீருமாகச் சென்ற ஒரு மூதாட்டியைப் பாதிரியார் ஒருவர் டமாஸ்கஸில் கண்டதாக ஒரு செய்தி வருகிறது. நரகத்துக்கு அஞ்சியும் சுவர்க்கத்துக்கு ஆசைப்பட்டும் இறைவனை வணங்கக் கூடாது என்பதற்காகவே அவ்விரண்டும் என்று அம்மூதாட்டி கூறினாராம். இஃது அன்னை ராபிஆ பஸ்ரிய்யா அவர்களைக் குறித்து நம் நூல்களில் வழங்கும் செய்தியன்றோ என்று மௌலானா எடுத்துக்காட்டி, ஐநூறாண்டுக்கு முந்திய ஒரு நல்லடியாரின் கதை எவ்வாறு சிலுவைப் போர் வீரரின் ஏட்டில் போய்ச் சேர்ந்தது என்று ஆராய்கிறார். ஒரு நூலகமும் இல்லாத கோட்டையில், பெரிதும் நினைவிலிருந்தே இவ்வாறு எழுதுவதற்கு எத்துணைப் படிப்பு வேண்டும்!

குறைகளும் இல்லாமல் இல்லை. பாரசீகக் கவிதைகள் அளவுக்கு மீறிப் பெய்யப்பட்டுள்ளன. சில பக்கங்களில் உரைநடை, பாடலுக்கும் பாடலுக்கும் நடுவே போட்ட பாலமாகவே நிற்கிறது. பாடியவர் பெயரையும் பெரும்பாலும் சொல்வதில்லை. ஷெர்வானி சாஹிபுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. சாகித்திய அக்காதெமிக்காக 1967-இல் மாலிக் ராம் அவர்கள் குறிப்புகளுடன் பதிப்பித்த பின்னரே சாதாரண வாசகர் அப்பாடல்களின் மூலத்தை அறிய முடிந்தது. அவ்வுழைப்புக்கு உருது உலகம் கடன்பட்டிருக்கிறது. மற்றொரு குறை, உடனிருந்த மனிதர்கள் இவ்வேட்டில் அதிகம் தென்படாமை. ஜவஹர்லால் நேரு, வல்லபபாய் படேல், ஆசஃப் அலி, டாக்டர் ஸையித் மஹ்மூது, ஆச்சார்ய நரேந்திர தேவ் போன்றோர் ஒரே முற்றத்தில் வாழ்ந்தவர்கள். நேரு ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’வை எழுதியதும் அங்கேயே, பட்டாபி சீதாராமையாவும் அங்கிருந்தே ஒரு சிறைநூல் எழுதினார். இத்தகையோரின் பேச்சையும் பழக்கத்தையும் மௌலானா எழுதியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்! அவருக்கோ மனிதரைவிடக் குருவிகள் எழுதத் தக்கனவாய்ப்பட்டன.

அக்குருவிக் கதையிலிருந்தே நம் முக்கியமான செய்தி தொடங்குகிறது. அறையின் பழைய உத்தரங்களில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டிக் குப்பையைக் கொட்டுகின்றன. மௌலானா முதலில் போர் தொடுக்கிறார், தோற்கிறார், பின்னர் அரிசி தூவிச் சமாதானம் செய்துகொள்கிறார். குருவிகளுக்கு மோத்தி, கலந்தர், ஸூஃபி என்றெல்லாம் பெயர் சூட்டுகிறார். இரைச்சல் போடும் ஒன்றுக்கு முல்லா என்று பெயர். (ஆலிம்களாகிய நம்மைச் சீண்டாமல் அவரால் இருக்க முடிவதில்லை, அவரும் ஆலிம்தான் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.) பறக்க அஞ்சிக் கிடந்த குஞ்சு ஒருநாள் தன் ஆற்றலை உணர்ந்து சிறகடித்து எழும் இடம் உருது உரைநடையின் உச்சங்களுள் ஒன்று. இக்கடிதங்களின் தேதிகள் 1943 மார்ச் 17, 18.

அடுத்து வருவது ஏப்ரல் 11-ஆம் தேதிக் கடிதம். மௌலானாவின் துணைவியார் ஸுலைகா பேகம் ஏப்ரல் 9-ஆம் நாள் கல்கத்தாவில் வஃபாத்தானார்கள். நோய் கடுமை என்ற முதற்செய்தி கோட்டைக்கு வந்தது மார்ச் 23-இல். அதாவது, குருவிகளைப் பற்றிய அந்தச் சிரிப்புக்கும் இத்தந்திக்கும் நடுவே ஐந்தே நாட்கள்.

முதற்பதிப்பை அதன் வரிசையில் படிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. உருதுத் தொகுப்பு நூல்களில் குருவிக் கதையை ஒரு நகைச்சுவைக் கட்டுரையாகவும், தேநீர்க் கடிதத்தை ஒரு சுவைக் கட்டுரையாகவும் பிய்த்தெடுத்துச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. மாணவர்களுக்கு அது எளிதாகலாம். ஆனால் அவ்வாறு பிய்த்தபின் தேதி உதிர்ந்துவிடுகிறது. தேதி உதிர்ந்தால் நாட்குறிப்பின் உயிர் போயிற்று. பக்கத்தைப் புரட்டியதும் மரணம் வரப்போகிறது என்பதை எழுதியவரும் அறியவில்லை, குருவிக்கு அரிசி போட்ட கையும் அறியவில்லை. படிக்கும் நமக்கு மட்டும் தெரியும். தொகுப்பு நூல் அந்த அறிவை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

ஏப்ரல் 11-ஆம் தேதிக் கடிதத்தைச் சற்று நின்று பார்ப்போம். 1942 ஆகஸ்டு 3-இல் பம்பாய் புறப்பட்ட நாளை மௌலானா நினைவுகூர்கிறார். வழியனுப்ப வாசல்வரை வந்த துணைவியார் ‘குதா ஹாஃபிஸ்’ என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. கண்ணீரும் விடவில்லை, துயரம் முழுவதும் முகத்திலேயே தெரிந்தது. பல ஆண்டுகளாக எத்தனையோ பயணங்களுக்கும் கைதுகளுக்கும் வழியனுப்பியவர் அவர். அதுபோல் வருந்தி ஒருநாளும் கண்டதில்லை என்கிறார். தமக்கு இதுவே கடைசிச் சந்திப்பு என்று அப்பெண்மணியின் உள்ளம் அறிந்திருந்ததோ என்று பின்னர் ஐயுறுகிறார்.

இங்கே ஒரு வாக்கியம் வருகிறது. விமர்சகர்கள் பெரும்பாலும் இதைக் கடந்து போய்விடுகின்றனர். 1916-இல் தாம் முதன்முதல் அரசின் நடவடிக்கைக்கு ஆளானபோது துணைவியாரால் கலக்கத்தை அடக்க இயலவில்லை என்றும், அதற்காகத் தாம் நெடுநாள் அவர்மீது வருத்தமாயிருந்ததாகவும், அந்நிகழ்ச்சியே அவரது போக்கை மாற்றித் தம் வாழ்வின் நிலைமைகளுக்கு இசைந்தவராக ஆக்கிற்று என்றும் மௌலானா எழுதுகிறார். அவர் இதைப் புகழ்ச்சியாகவே எழுதுகிறார். நாம் வேறு விதமாகப் படிக்கிறோம். வாசலில் நின்ற அப்பெண்மணியின் வறண்ட கண்கள் தாமாக வறண்டவை அல்ல. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கணவர் கற்பித்த பாடம் அது. அழுதால் அவர் மனம் வருந்துவார் என்று தெரிந்துகொண்ட ஒரு மனைவி, நோய் உள்ளே தின்றுகொண்டிருந்தபோதும் அழாமல் நின்று, இறைவனிடம் ஒப்படைக்கும் ஒரு சொல்லை மட்டும் சொல்லி வழியனுப்பினார். மாணவர் பாடத்தை ஒப்புவித்துவிட்டார். அடுத்த ஆண்டு ஆசிரியருக்கும் அதே பாடத்தில் தேர்வு வந்தது.

நோய்ச் செய்தி வந்ததும், அரசிடம் கோரிக்கை ஏதேனும் வைத்தால் உடனே அனுப்பி வைக்கப்படும் என்று சிறை சூப்பரிண்டெண்ட் குறிப்பாகச் சொல்கிறார். (இவருக்குச் சீத்தாகான் என்று மௌலானா வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார்.) நேருவும் வந்து நெடுநேரம் பேசுகிறார். அரசிடம் எதையும் கேட்பதில்லை என்று மௌலானா மறுத்துவிடுகிறார். இம்மறுப்பைக் கல்மனம் என்று சிலர் குறை கூறுவதுண்டு. அதனை நாம் ஒப்பவில்லை. ஆயிரக்கணக்கானோரைச் சிறைக்கு அழைத்த தலைவர் தம் பொருட்டுச் சலுகை கேட்டிருந்தால், அதே துயரத்தில் இருந்த பெயர் தெரியாத கைதிகளுக்கு என்ன மறுமொழி சொல்வது? அக்காரியத்தில் அவர் செய்தது சரி என்பதே நம் தீர்ப்பு.

ஆனால் அவரைப் போற்றுவோர் ஒரு படி மேலே சென்று, அந்நாட்களில் அவர் காட்டிய அமைதியை ஸப்ருக்கு எடுத்துக்காட்டாக மேடைகளிலும் ஏடுகளிலும் சொல்கிறார்கள். இதனை நூலே மறுக்கிறது. அன்றாட ஒழுங்கு எதையும் மாற்றாமல், உணவு மேசைக்கு நேரம் தவறாமல் சென்று, செய்தித்தாள் வரும்போது ஆவலைக் காட்டாமல், கையிலிருந்த வேலையை முடித்துவிட்டே அதை எடுத்துப் பார்த்ததாக எழுதிவிட்டு, உடனே அந்தத் திரையைத் தாமே கிழித்துவிடுகிறார். அவ்வமைதி ஒரு நடிப்பு. தம் நிதானத்துக்குக் களங்கம் வந்துவிடக்கூடாதே என்ற தற்பெருமையும் அதில் இருந்தது. உடம்பை அடக்க முடிந்ததேயன்றி உள்ளத்தை அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். இந்நூல் பெருநூலாவது இவ்விடத்தில்தான் என்று நாம் துணிகிறோம். புகழின் உச்சியில் இருந்த ஒரு பேரறிஞர், தம் பொறுமையில் கலந்திருந்த நஃப்ஸின் பங்கைத் தாமே பிரித்தெடுத்துக் காட்டுகிறார். சுயபுகழ்ச்சி மிகுந்தவர் என்று அவரைக் குறை கூறுவோர் இப்பக்கத்துக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஸப்ரு என்பது அழாமை அல்ல என்பதை மார்க்கம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘அழகிய பொறுமை’ என்ற சொல்லைக் குர்ஆன் யாருடைய வாயில் வைக்கிறது? நபி யஃகூப் (அலை) அவர்களின் வாயில். அதே அத்தியாயம் அதே நபியின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போனதையும் சொல்கிறது. தம் முறையீட்டை அவர்கள் இறைவனிடமே வைத்தார்கள். அதுவே பொறுமைக்குரிய அழகு. நம் நாயகம் (ஸல்) அவர்களும் தம் குழந்தை இப்றாஹீம் உயிர் பிரியும் வேளையில் கண்ணீர் சிந்தினார்கள். வியப்புற்றுக் கேட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் அதனை ரஹ்மத் என்றே கூறினார்கள். விலக்கப்பட்டது ஒப்பாரியும், கன்னத்தில் அறைந்துகொள்வதும், ஆடை கிழிப்பதும், கண்ணீர் அன்று. இவையெல்லாம் மௌலானா அறியாதவை அல்ல. மக்காவில் பிறந்து, அரபு மொழியைத் தாய்வழி பெற்று, குர்ஆனுக்கு விளக்கம் எழுதிய பெருந்தகை அவர். ஆயினும் நம் குடும்பங்களில் நிலவும் ஒரு பழக்கம் அவரையும் விடவில்லை. மையித்து வீட்டில் அழும் ஆண்மகனைக் கண்டு நாம் கூசுகிறோம்; அழும் பெண்ணைப் ‘பொறுமை செய்’ என்று வாயடைக்கிறோம். மார்க்கம் அனுமதித்ததை மானம் தடுத்துவிடுகிறது. அம்மானத்துக்கு ஸப்ரு என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

அக்கடிதம் முடியும் விதம் அரபு படித்த எவரையும் நிறுத்தி வைக்கும். சிறை முற்றத்தில் யாருடையது என்று தெரியாத ஒரு பழைய கபுறு. வந்த நாளிலிருந்து பலமுறை கண்ணிற் பட்டதுதான். துணைவியாரின் மரணத்துக்குப் பின் அதன்மீது இனம்புரியாத ஓர் ஒட்டுதல் பிறந்துவிட்டதாகவும், மாலையில் நெடுநேரம் அதனையே பார்த்திருந்ததாகவும் எழுதி, முதம்மிம் இப்னு நுவைரா தம் சகோதரர் மாலிக்குக்காகப் பாடிய இரங்கற்பாவை நினைவுகூர்கிறார். அபூதம்மாமின் ‘ஹமாஸா’வில் ஓதியவர்கள் அறிவார்கள்: எங்கோ இருக்கும் ஒரு கபுறுக்காகக் கண்ட கண்ட கபுறுகளிலெல்லாம் நின்று அழுகிறாயே என்று நண்பன் கடிந்துகொள்ள, துயரத்தைத் துயரமே கிளறுகிறது, எனக்கு எல்லாம் மாலிக்கின் கபுறுதான் என்று முதம்மிம் விடை கூறும் பாடல் அது. முதம்மிமின் இரங்கற்பாக்களைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், யமாமாப் போரில் ஷஹீதான தம் சகோதரர் ஸைதுக்காகத் தம்மால் அவ்வாறு பாட முடிந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்கினார்கள் என்பதும் நம் நூல்களில் உள்ளது.

கல்கத்தாவில் உள்ள கபுறைக் காண வழியில்லாத கைதி, அஹ்மத்நகரில் உள்ள ஒரு அநாதைக் கபுறைப் பார்க்கிறார். தாம் அழுததாக ஒரு சொல்லும் எழுதவில்லை. தமக்காக அழும் பொறுப்பை அரபு நாட்டுப் பழம்புலவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். பாடல்களை அளவுக்கு மீறிப் பெய்தார் என்று மேலே குறை கூறினோம். இந்த ஓரிடத்தில் மட்டும் அக்குறையைச் சொல்ல நாவெழவில்லை. மற்ற இடங்களில் அணியாய் நின்ற பாடல் இங்கே கண்ணீரின் இடத்தில் நிற்கிறது. இந்நூலைத் தமிழாக்க முற்படுவோர் அந்த அரபுப் பாடலைக் கடினம் என்று விட்டுவிடக் கூடாது. தேதிகளையும் வரிசையையும் மாற்றவும் கூடாது.

அதன்பின் ஏடு மெலிந்துவிடுகிறது. சில கடிதங்களே வருகின்றன. 1943-ஆம் ஆண்டோடு அவையும் நின்றுவிடுகின்றன. மௌலானா வங்காளத்துப் பாங்குராவுக்கு மாற்றப்பட்டு விடுதலை பெற்றதோ 1945 ஜூன் 15-இல்.

விடுதலையாகிக் கல்கத்தா வந்து இறங்கிய நாளைப் பற்றி அவர் வேறொரு நூலில் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதி, மௌலானாவின் மறைவுக்குப் பின் 1959-இல் வெளிவந்த ‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’ அது. வண்டி நிறைய மக்கள் சூட்டிய மாலைகள். வாசல்வரை வந்து வழியனுப்பியவர் இல்லாத வீட்டுக்குப் போகுமுன் வண்டியைக் கபுறுஸ்தானுக்குத் திருப்பச் சொல்கிறார். மாலை ஒன்றை எடுத்துக் கபுறின்மீது வைத்து, மௌனமாக ஃபாத்திஹா ஓதுகிறார். அந்நேரத்தில் தமக்கு நினைவு வந்ததாக அவர் சொல்வது வேர்ட்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலக் கவிஞரின் வரிகளை.